வீட்டு வளவில் ஒரு மழைப்பாத்தி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வாடை திரும்புவதற்கு இன்னும் சில வாரங்களே இருப்பதால் இக்கடிதத்தை இப்போது எழுதுகிறேன். மாரி பிடித்த பின் வன்னி மண்ணில் மண்வெட்டி போட்டவர்களுக்குத் தெரியும், அப்போது கிளம்புவது வெறும் களி. நான் சொல்ல வரும் வேலை, கூரை நீரை வளவுக்குள்ளேயே மண்ணில் இறக்குவதற்கு ஆழம் குறைந்த பாத்தியொன்றை வெட்டிச் செடி நடுவது. அது காய்ந்த நிலத்தில், முதல் மழைக்கு முன், ஒரு வீட்டார் இரண்டு நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலை. இந்த ஆண்டு தவறினால் அடுத்த செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டும் என்பதால், தங்கள் பத்திரிகையில் இடம் கிடைக்குமானால் காலந்தாழ்த்தாமல் வெளியிட்டுதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கிளிநொச்சி நகருக்கு வெளியே சிறியதொரு நாற்றுமேடை நடத்தி வருகிறேன். வீடு கட்டி முடித்தவர்கள் குடிபூரலுக்கு முந்திய கிழமையில் செடி வாங்க வருவார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள் மாங்கன்றும் தென்னம்பிள்ளையும் தேசிக்கன்றும் கேட்டார்கள். இன்று வருபவர்களில் பெரும்பாலானோர் சட்டியில் வைக்கக்கூடியவற்றையே தேடுகிறார்கள். ஏன் என்று விசாரித்தால், முற்றம் முழுவதும் கல் பதித்தாயிற்று, நிலத்தில் வைக்க மண் இல்லை என்கிறார்கள். சேறு படாத முற்றம் வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். தறப்பாளின் கீழ் மாரியைக் கழித்த குடும்பங்களுக்குச் சேறு எத்தகையது என்று யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வாசலில் இருந்து படலை வரை காலில் ஈரம் படாமல் நடக்க வேண்டும் என்று அவர்கள் விரும்புவது முற்றிலும் நியாயமானது.

ஆனால் அந்தக் கல்லின் மேல் விழும் மழை எங்கே போகிறது என்பதையும் ஒருமுறை பார்க்க வேண்டும். கடந்த கார்த்திகையில் அத்தகைய வீடொன்றுக்குச் சட்டிகள் கொண்டு போயிருந்தேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கூரையின் நான்கு மூலைகளிலும் பீலியிலிருந்து இறங்கிய குழாய்கள் கல்லுக்குக் கீழே ஒன்றாக இணைக்கப்பட்டு, மதிலில் இட்ட துவாரம் ஒன்றின் வழியாக ஒழுங்கைக்குள் திறக்கப்பட்டிருந்தன. சிறு குளமொன்று நிரம்பி வான் பாய்வது போல அத்துவாரத்தால் நீர் பாய்ந்தது. ஒழுங்கையில் அது கணுக்கால் அளவுக்கு ஓடியது. முச்சக்கரவண்டி நிறுத்தியிருந்த இடத்தில் கசிந்திருந்த எண்ணெய் அதன் மேல் ஏழு நிறமாகப் படர்ந்து மிதந்தது. எதிர்வீட்டு வேலியடி மண் அரிபட்டு, கிளுவங்கதியாலின் வேர் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே தெரிந்தது. பிறகு இந்த ஆவணியில் அதே ஒழுங்கையால் போனபோது அதே மதிலடியில் தண்ணீர்ப் பவுசர் ஒன்று நின்றது. மாரியில் நீர் வெளியே போன வழியாலேயே ஆவணியில் குழாய் உள்ளே போயிருந்தது, இம்முறை காசுக்கு.

இதைக் கணக்காகவும் சொல்லலாம். எமது பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும் பங்கு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான நான்கு மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். போருக்குப் பின்னரான வீடமைப்புத் திட்டங்களில் கட்டப்பட்ட 550 சதுர அடி வீட்டின் கூரை, தாழ்வாரத்தோடு சேர்த்து 600 சதுர அடிக்குக் குறையாது. அக்கூரையில் ஓர் அங்குல மழை விழுந்தால் 50 கன அடி, அதாவது ஏறத்தாழ 1,415 லீற்றர் நீர் பீலிக்கு வரும். ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் அது 70,000 லீற்றரை எட்டும். தெறிப்பதும் உலர்வதுமாக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும், 5,000 லீற்றர் பவுசர்கள் பதினொன்றில் கொள்ளும் நீரை ஒவ்வொரு சிறு வீடும் ஆண்டுதோறும் படலைக்கு வெளியே தள்ளிவிடுகிறது. முற்றத்துக் கல்லின் மேல் விழுவதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

தொட்டி கட்டிச் சேமிக்கலாமே என்று கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். இந்நாட்டுக்கு 2005ஆம் ஆண்டு முதல் தேசிய மழைநீர்க் கொள்கை ஒன்று இருக்கிறது. வன்னியிலும் பல வீடுகளில் மழைநீர்த் தொட்டிகள் இருக்கின்றன, இன்னும் பல வீடுகளுக்கு அவை வேண்டும். ஆயினும் நான் சொன்ன அதே கூரையில் மூன்றரை அங்குல மழை விழுந்தவுடன் 5,000 லீற்றர் தொட்டி நிரம்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அவ்வளவும் சில வேளை ஒரே இரவில் பெய்கிறது. அதன் பின் மாரி முடியும் வரை வரும் நீரெல்லாம் தொட்டியின் மேலால் வழிந்து அதே ஒழுங்கைக்குத்தான் போகும். வழிவதை வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரே பாத்திரம் நிலம்.

அதற்குரிய வழியை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் மழைத்தோட்டம் என்ற பொருள்படும் பெயரால் குறிப்பிடுகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், புதிய குடியிருப்பொன்றுக்கு வழமையான பெரிய வடிகால் குட்டையை வெட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு வீட்டுக் காணியிலும் ஆழம் குறைந்த பள்ளமொன்றை அமைத்துச் செடி நட்டு, அந்தந்த வீட்டு மழையை அந்தந்த வளவிலேயே இறக்கிப் பார்த்தார்கள். அது அங்கிருந்து பரவியது. தமிழில் 'மழைத்தோட்டம்' என்ற சொல் எழுதப்படுகிறதாயினும் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை, ஏனெனில் எமது பகுதியில் தோட்டம் என்றால் மிளகாயும் வெங்காயமும் மோட்டர் இறைப்பும்தான் நினைவுக்கு வரும். நாலு பக்கமும் வரம்பு உயர்ந்து, நடு பதிந்து, விட்ட நீரை உள்ளே நிறுத்தி மண்ணுக்குக் கொடுப்பதற்கு எங்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. ஆகவே நான் அதை மழைப்பாத்தி என்றே சொல்கிறேன். கூரையிலிருந்து இறங்கும் நீர் செல்லும் வழியில், ஆறு அங்குல ஆழத்தில் ஒரு பாத்தி, அதற்குள் நீரையும் வரட்சியையும் தாங்கும் செடிகள்: விடயம் இவ்வளவுதான்.

இது புதுமை என்று நினைப்பவர்கள் பழைய கிணற்றடிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். குளித்த நீர் ஓடும் பக்கத்தில் வாழை, அதன் அடியில் சேம்பு, ஓரத்தில் பொன்னாங்காணி, இடம் இருந்தால் இரண்டு கரும்பு. அந்த நீர் வேலியைத் தாண்டி வெளியே போனதை நான் சிறு வயதில் கண்டதில்லை. கிணற்றடி நீருக்கு இந்த மரியாதையைக் கொடுத்தவர்கள் கூரை நீருக்கு ஏன் கொடுக்கவில்லை என்றால், அன்று அதற்குத் தேவை இருக்கவில்லை. கிடுகுக் கூரைக்குப் பீலி கிடையாது; நான்கு தாழ்வாரத்தாலும் சொட்டிய நீர் வீட்டைச் சுற்றி இருந்த மணல் முற்றத்தில் பரவலாக இறங்கியது. ஓடும் சீற்றும் பீலியும் குழாயும் வந்து, அவ்வளவு நீரையும் ஓரிரு இடங்களில் திரட்டிக் கொட்டத் தொடங்கிய பிறகுதான் அது வெள்ளமானது. வீடு மாறிவிட்டது, வீட்டோடு சேர்ந்து மாறியிருக்க வேண்டிய வளவின் அமைப்பு மாறவில்லை.

நிலத்துக்குள் இறங்கும் நீரின் பெறுமதி வன்னியில் ஏன் அதிகம் என்பதைச் சிறிது விளக்க விரும்புகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். அதன் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் நீர் பெருமளவில் தங்கும். வவுனியாவிலும் மாங்குளம், நெடுங்கேணிப் பக்கங்களிலும் அடியில் இருப்பது கருங்கல்லைப் போன்ற கடினப் பாறை. அங்கே எமது கட்டுக்கிணறுகளுக்கு ஊறி வருவது, பாறைக்கு மேலே சிதைந்து கிடக்கும் சில மீற்றர் மண்படையிலும் பாறையின் வெடிப்புகளிலும் தங்கியிருக்கும் நீர் மட்டுமே. அந்தச் சேமிப்பு சிறியது, ஒவ்வொரு மாரியிலும் மேலிருந்து நிரப்பப்படுவது, சோளகம் வீசும் மாதங்களில் இறைக்க இறைக்க இறங்குவது. குளத்தில் நீர் நின்றால் குளத்தடிக் கிணற்றிலும் நீர் நிற்கும் என்பதை எந்த விவசாயியும் சொல்வார். குளம் செய்கின்ற அதே வேலையை, மிகச் சிறிய அளவில், வீட்டின் பாத்தி செய்கிறது. என் ஒருத்தியின் பாத்தியால் என் கிணறு உயர்ந்துவிட்டது என்று நான் உரிமை கோரமாட்டேன். கிணற்று நீர் வேலி பார்த்து நிற்பதில்லை. ஓர் ஒழுங்கையில் உள்ள முப்பது வீடுகளும் செய்தால், அந்த ஒழுங்கையின் கிணறுகளுக்கு அது கணக்கில் வரும்.

எங்கள் செங்கபில மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்தால் கல், நனைந்தால் களி. வெறுமையாக விடப்பட்டு வெயிலில் இறுகிய அம்மண்ணின் மேல் பெரிய துளி மழை அடிக்கும்போது மேற்பரப்பில் மெல்லிய தோல் ஒன்று படர்ந்துவிடும். அதன் பின் நீர் உள்ளே இறங்காமல் மேலால் ஓடும், ஓடும்போது நல்ல மண்ணையும் கொண்டு போகும். கல் பதிக்காத முற்றத்திலும் நீர் இறங்குவதில்லையே என்று சிலர் கூறுவதற்குக் காரணம் இதுதான். செடியின் வேர் போகும் இடத்தில், சருகு மூடிய இடத்தில், மண்புழு துளைத்த இடத்தில் இந்தத் தோல் படர்வதில்லை. ஆகையால் வெறும் குழியை வெட்டிவிடுவதும் பாத்தி அமைப்பதும் ஒன்றல்ல. வெறும் குழி இரண்டு மாரியில் வண்டல் படிந்து அடைபட்டுப் போகும், வேர் உள்ள பாத்தி ஆண்டுக்கு ஆண்டு இளகிக்கொண்டு வரும்.

நீர் இறங்கும்போது அது வடிகட்டப்படவும் செய்கிறது. ஓடி வரும் மண்ணும் தூசியும் பாத்தியின் மேலேயே படிகின்றன. பொசுபரசு களித்துணிக்கைகளில் ஒட்டிக்கொள்கிறது. நைதரசனில் ஒரு பங்கை வேர்கள் எடுக்கின்றன. வாகனத்திலிருந்து கசிந்த எண்ணெயை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. நைத்திரேற்று முழுவதும் இதில் தங்கிவிடாது என்பதால் பாத்திக்குள் யூரியாவோ பச்சைச் சாணியோ போடக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். வடிகட்டப்படாத நீர் எங்கே போகும் என்பது எங்களுக்குத் தெரிந்த பாதைதான்: ஒழுங்கையிலிருந்து வீதியோர வடிகானுக்கு, வடிகானிலிருந்து வாய்க்காலுக்கு, அங்கிருந்து ஏதோ ஒரு குளத்துக்கோ களப்புக்கோ. கனகராயன் ஆறு கொண்டுவருவது இரணைமடுவில் தங்குகிறது; இரணைமடுவுக்கு மிஞ்சியது சுண்டிக்குளம் களப்பில் போய்ச் சேருகிறது. குளம் தூர்ந்துவிட்டது, தூர்வார வேண்டும் என்று கூட்டங்களில் கேட்கிறோம். தூரில் ஒரு பங்கு எங்கள் முற்றத்து மண்.

எமது குளங்களைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. உலர் வலயத்துப் பழைய குளங்களில், நீர் உள்ளே நுழையும் முகப்பில் புல்லும் கோரையும் வளரும் ஒரு துண்டை உழாமல் விட்டிருந்தார்கள். வரும் வண்டல் குளத்துக்குள் போகாமல் அங்கே தங்கியது. கட்டுக்குக் கீழே மரமும் பற்றையுமாக இன்னொரு துண்டை விட்டிருந்தார்கள். கசியும் நீரில் உள்ள உப்பு வயலை அடைவதற்கு முன் அது வாங்கிக்கொண்டது. ஒரு குளத்தின் மிகுதி அடுத்த குளத்துக்குப் போகும் இந்தக் குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2017ஆம் ஆண்டு உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொள்ளப்பட்ட அதே காலத்தில் நாங்கள் அந்தப் புல்துண்டுகளை உழுது வயலாக்கிக்கொண்டிருந்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி என் சொந்த அனுபவம். முதல் ஆண்டு நான் பாத்தியைப் பிழையாக வெட்டினேன். பத்தடி நீளம், பத்தடி அகலம், ஆறு அங்குல ஆழம் என்று அளந்து வெட்டும்போது அயல்வீட்டு அப்பு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, தண்ணியை வெளியால விடத்தானே எல்லாரும் வாய்க்கால் வெட்டுறது, நீ உள்ளுக்கு விடுறதுக்கு வெட்டுறாய்" என்றார். நான் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அரை அடிக்குச் சற்றுக் கீழே கிரவல் கலந்த இறுகிய படையொன்று இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. முதல் பெருமழையில் பாத்தி நிரம்பியது. ஐந்தாம் நாளும் நீர் அப்படியே நின்றது. அந்தக் கிழமை டெங்குச் சோதனைக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நுளம்பு பெருகுவதைத் தடுப்பதற்கான 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தை எனக்கு என் முற்றத்திலேயே நின்று விளங்கப்படுத்தினார். அப்பு வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பரிசோதகர் சொன்னது முற்றிலும் சரி. நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாட்கள் வரை எடுக்கும். ஆகவே நன்றாக அமைந்த பாத்தியில் நீர் ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் வற்றிவிட வேண்டும். அதற்கு மேல் நின்றால் அது மழைப்பாத்தி அல்ல, குட்டை. அந்த மாரி முடிந்ததும் நானும் என் மகனும் அலவாங்கால் கிரவல் படையை இரண்டடி ஆழத்துக்கு உடைத்து, கிளறிய மண்ணோடு ஆற்றுமணலும் நன்றாக உக்கிய இலைக் கூட்டெருவும் கலந்து, காலால் மிதிக்காமல் திரும்ப நிரப்பினோம். அதற்கடுத்த ஐப்பசியில் இரவு நிரம்பிய பாத்தி மறுநாள் மாலைக்குள் வற்றியது. கல் பதித்த முற்றத்தில் கைவிடப்பட்ட பூச்சட்டித் தட்டுகளிலும் அடைபட்ட பீலியிலும் அதைவிட நீண்ட நாள் நீர் நிற்கிறது என்பதை, சட்டி விற்பவளாகிய நானே ஒத்துக்கொள்கிறேன்.

இந்தத் தவறை மற்றவர்கள் செய்யாதிருக்க எளிய சோதனை ஒன்று உண்டு. எண்ணிய இடத்தில் ஓரடி ஆழமும் ஓரடி அகலமுமாக ஒரு குழி வெட்டி, நீரால் நிரப்பி, அது வற்றியதும் மீண்டும் ஒருமுறை நிரப்பி, இரண்டாம் முறை வற்ற எடுக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் வற்றினால் அவ்விடம் உகந்தது. வற்றாவிட்டால் மண்ணை உடைத்து மணல் கலக்க வேண்டும், அல்லது ஆழத்தை நான்கு அங்குலமாகக் குறைத்து அகலத்தைக் கூட்ட வேண்டும், அல்லது வேறு இடம் பார்க்க வேண்டும். வீட்டு அத்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்க வேண்டும். மலசலகூடக் குழிக்கு அருகில் ஒருபோதும் கூடாது. அங்கே மண் நீரில் ஊறினால் குழியின் கழிவு இறங்க வழியின்றி வெளியே வரும், கிணற்றுப் பக்கமாகவும் போகும். குளிக்கும் நீர், சமையல் நீர், வாகனம் கழுவும் நீர் ஆகியவற்றை இதற்குள் விடக் கூடாது. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத காணியில் எதற்காகவும் மண்வெட்டி போடக் கூடாது என்பதை எமது மாவட்டங்களில் இன்னமும் எழுத வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

அளவு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நான் வெட்டிய பாத்தி ஏறத்தாழ 50 கன அடி கொள்ளும். அது 600 சதுர அடிக் கூரையின் ஓர் அங்குல மழைக்குச் சமன். அதற்கு மேல் வருவதற்கு வழி வைத்தே ஆக வேண்டும். குளத்துக்கு வான் போல ஒவ்வொரு பாத்திக்கும் தாழ்ந்த பக்கத்தில் ஒரு வான் வேண்டும். வரம்பை அவ்விடத்தில் இரண்டு அங்குலம் பதித்து, உடைந்த ஓடோ கல்லோ பதித்துவிட்டால், மிகுதி நீர் மண்ணை அரிக்காமல் தென்னையடிக்கோ வடிகானுக்கோ போகும். குழாயிலிருந்து நீர் விழும் இடத்திலும் அவ்வாறே சில ஓட்டுத் துண்டுகளைப் போட வேண்டும். இடம் குறைந்தவர்கள் பத்துக்குப் பத்து வெட்ட வேண்டியதில்லை. ஒரு குழாயின் நீர் செல்லும் வழியில் ஐந்தடிப் பாத்தி அமைத்தாலும் அக்குழாயின் நீரில் பாதியாவது உள்ளே நிற்கும்.

செடிகள் விடயத்தில் நான் சற்று விரிவாக எழுதுவதை ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் வியாபார நோக்கம் இல்லை. நான் சொல்லப் போகும் செடிகளில் பாதிக்கு விலையே கிடையாது, வயல் வரம்பிலும் குளக்கரையிலும் கிடைப்பவை. பாத்திச் செடி இரண்டு துன்பங்களைத் தாங்க வேண்டும்: மார்கழியில் ஒரு நாள் முழுவதும் நீரில் நிற்பது, ஆடியை ஒட்டி மூன்று மாதம் மழை காணாமல் இருப்பது. இரண்டையும் தாங்குவதில் வெட்டிவேருக்கு நிகரில்லை. அதன் வேர் பக்கவாட்டில் படராமல் நேர் கீழே மூன்று மீற்றர் வரை இறங்கும், இறங்கும் பாதையெல்லாம் நீருக்கும் பாதையாகும். நடுப்பள்ளத்தில் கோரையும் கல்வாழையும் நன்றாக நிற்கும். சேம்பும் நிற்கும், ஆனால் கோடையில் வாடும், கிணற்று நீர் கொஞ்சம் கொடுக்க வேண்டும். வல்லாரையும் பொன்னாங்காணியும் தரையை மூடி மண்ணைக் காக்கும். கூரை நீர் மட்டும் வரும் பாத்தியானால் அவற்றைச் சமைக்கலாம், வாகனம் நிற்கும் இடத்து நீரும் வருமானால் சமைக்கக் கூடாது. வரம்பின் மேல், நீர் நிற்காத உயரத்தில், செவ்வரத்தையும் ஆடாதோடையும் வைக்கலாம். ஆடாதோடையை ஆடு கடிக்காது என்பது படலை பூட்டாத வளவுகளில் பெரிய வசதி. நொச்சியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன். தன் பெயரிலேயே நொச்சியை வைத்திருக்கும் ஊரில் இன்று நொச்சிக்கு வழி கேட்டால் பலர் கைவிரிக்கிறார்கள். ஒரு கொப்பை முறித்து ஈரத்தில் ஊன்றினாலே அது வேர்விடும்.

செடி வந்தால் மற்றவை தாமாக வருகின்றன. என் பாத்தியில் மழை விட்ட மறுநாள் காலையில் தும்பிகள் பறக்கும். நொச்சி பூக்கும் காலத்தில் தேனீயும் சிறு வண்ணத்துப்பூச்சிகளும் நிறைந்திருக்கும். சருகுக்குள் புழுத் தேடிப் புலுனிக் கூட்டம் இரைச்சலோடு இறங்கும். செண்பகம் ஒன்று வேலியோரமாக நடந்து வந்து பார்த்துவிட்டுப் போகும். முற்றத்துக் கல் பங்குனி வெயிலில் சுட்டுக் கிடக்கும்போது பாத்திப் பக்கத்து யன்னலால் வரும் காற்று வேறு மாதிரி இருக்கிறது. பாம்பு வராதா என்ற கேள்வியும் தவறாமல் வரும். பற்றையாக விட்டால் வரும். வெட்டிவேரை ஆண்டுக்கு இரண்டு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வைத்திருந்தால் வேறு எந்த வேலியோரத்தையும் விட அங்கே அதிகமாக வர வேண்டிய காரணம் இல்லை. வெட்டிய புல் மாட்டுத் தொழுவத்துக்கோ தென்னையடிக்கோ உதவும்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. கரையோரக் கிராமங்களில், மாரி நடுவில் நிலத்தடி நீர் மேற்பரப்புக்கு ஓரடிக்குள் ஏறிவிடும் தாழ்ந்த காணிகளில், பாத்தியில் விட்ட நீர் இறங்க இடமிராது. வயலை நிரவிக் கட்டிய வீடுகளிலும் அப்படியே. மேட்டுக்காணியில் இருப்பவர்கள்தான் இதை முதலில் செய்ய வேண்டியவர்கள். அவர்கள் தள்ளிவிடும் நீர்தான் தாழ்வில் இருப்பவர்களின் முற்றத்தில் போய் நிற்கிறது.

பாத்தி வெட்டினால் வெள்ளம் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்பதையும் எழுதிவிடுகிறேன். 2018ஆம் ஆண்டு டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூடிய வெள்ளம் போன்ற ஒன்றின் முன்னால் வீட்டுப் பாத்திகள் ஒரு பொருட்டல்ல. அத்தகைய மழையில் அவை முதல் மணித்தியாலத்திலேயே நிரம்பி வான் பாய்ந்துவிடும். பாத்தி பயன்படுவது அந்த ஒரு நாளுக்காக அல்ல, மாரியின் மற்ற நாட்களுக்காக. ஒழுங்கையில் கணுக்கால் அளவு நீரைக் கொண்டுவருவதும், பாடசாலைப் பிள்ளைகளின் சப்பாத்தை நனைப்பதும், வேலியடியை அரிப்பதும், வடிகானை மண்ணால் அடைப்பதும் அந்தச் சாதாரண நாட்களின் அரை அங்குல, ஓர் அங்குல மழைகள்தான். அவற்றை ஒரு வீட்டுப் பாத்தி முழுமையாக வாங்கிக்கொள்ளும்.

இவ்விடயத்தில் எங்கள் பிரதேச சபைகளிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டு வரைபடத்துக்கு அனுமதி வழங்கும்போது மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரம் கவனமாகப் பார்க்கப்படுகிறது, அது பாராட்டுக்குரியது. அதே வரைபடத்தில் கூரை நீர் எங்கே இறங்குகிறது என்று ஒரு கோடு கீறிக் காட்டும்படியும், முற்றத்தில் ஒரு பகுதியாவது கல்லின்றி மண்ணாக விடப்படும்படியும் கேட்டால் யாருக்கும் செலவில்லை. மதிலில் துவாரமிட்டு மழைநீரை நேரே ஒழுங்கைக்கு விடுவதை அனுமதிப்பதா என்பதையும் சபைகள் யோசிக்க வேண்டும். வீடமைப்புக்கு உதவும் நிறுவனங்கள் வீட்டைக் கையளிக்கும்போது திறப்போடு சேர்த்து இரண்டு நாள் கூலி வேலைக்குரிய ஒரு பாத்தியையும் கையளிக்கலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் இதைப் பேசினால் அது நிச்சயம் நடக்கும் என்பது என் எண்ணம், ஏனெனில் ஆவணியில் பவுசரைப் பார்த்துக்கொண்டு படலையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்களே.

அயல்வீட்டு அப்பு இந்த ஆண்டு தன் காணியில், பீலி இறங்கும் கிழக்கு மூலையில், தானாகவே ஒரு பாத்தி வெட்டியிருக்கிறார். என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை. ஆனால் வெட்டுவதற்கு முன் ஒரு வாளி நீரை ஊற்றிவிட்டு, கதிரை போட்டு அமர்ந்து, அது வற்றும் வரை பார்த்துக்கொண்டிருந்ததை நான் வேலிக்கு மேலால் கண்டேன். வாசகர்களும் இந்தக் கிழமைக்குள் அந்த ஓரடிக் குழியை வெட்டி நீர் ஊற்றிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்த நாற்றுமேடைக்குப் போனாலும் எத்தனை மணித்தியாலத்தில் வற்றியது என்ற கணக்கோடு போனால், எந்தச் செடி பொருந்தும் என்று சொல்வது எங்களைப் போன்றவர்களுக்கு எளிதாக இருக்கும். நொச்சிக் கொப்புக்கு யாரும் காசு கேட்கமாட்டார்கள்.

இங்ஙனம்,
நாற்றுமேடை நடத்தும் வாசகி ஒருத்தி,
கிளிநொச்சி.